ஒரகடத்துக்கு ஒரு பிக்காரி தாக்கூர் வேண்டும்

வடக்கிலிருந்து வந்த தொழிலாளிக்கு வேலை கொடுத்தோம், தங்க அறை கொடுத்தோம். அவன் மனதில் இருப்பதைப் பாட ஒரு மேடை கொடுத்தோமா? நூறு ஆண்டுகளுக்கு முன் பீகாரின் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர், பிழைக்கப் போன தன் மக்களுக்குப் பாட்டாலும் நாடகத்தாலும் செய்த தொண்டு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பாடமாகிறது.

செங்கல்பட்டு மார்க்கத்து மின்சார ரயில் சிங்கப்பெருமாள் கோவிலில் நின்றால் இரண்டு வகைக் கூட்டம் இறங்கும். ஒன்று, குடைவரைக் கோயிலில் இருக்கும் நெற்றிக்கண் நரசிம்மரைச் சேவிக்க வருகிற கூட்டம். இன்னொன்று, தோளில் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஸ்ரீபெரும்புதூர் சாலையை நோக்கி நடக்கிற இளைஞர் கூட்டம். அந்தச் சாலை ஒரகடம் வழியாகப் போகிறது. 2010இல் ரெனோ நிசான் கார்த் தொழிற்சாலை, 2012இல் டெய்ம்லரின் லாரித் தொழிற்சாலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் பின்னாலேயே வந்தன. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த பூமியில் இன்று மூன்று ஷிஃப்ட் ஓடுகிறது.

இந்த வேலைக்குத் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், அசாம் என்று வட்டம் விரிந்தது. காண்ட்ராக்டர் மூலம் வந்து, ஓர் அறையில் பலராகத் தங்கி, ஓவர்டைம் பார்த்து, மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புகிறார்கள். சாப்ராவுக்கும் சென்னை சென்ட்ரலுக்கும் இடையே ஓடும் கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் அவர்களில் பலருக்குப் பழக்கமான வண்டி. சாப்ரா என்பது பீகாரின் சாரண் மாவட்டத் தலைநகரம். அந்த மாவட்டம்தான் பிக்காரி தாக்கூரின் மண். அவர் பெயர் தமிழ்நாட்டில் அவ்வளவாகக் கேள்விப்படாதது. நம் தெருக்களில் நடக்கும் போஜ்புரி இளைஞனுக்கோ அவர் தாத்தா காலத்திலிருந்தே வீட்டுப் பெயர்.

கத்தியும் கண்ணாடியும் எடுத்துப் போனவர்

1887 டிசம்பர் 18 அன்று சாரண் மாவட்டத்தின் குதுப்பூர் கிராமத்தில் பிறந்தார் பிக்காரி தாக்கூர். கங்கையின் வெள்ளம் கரையை மாற்றி மாற்றிப் போடும் படுகைப் பகுதி அது. நாவிதக் குடும்பம். சிறு வயதில் மாடு மேய்த்தார், பிறகு குலத்தொழிலைக் கற்றார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு எழுத்து ஏறவில்லை. வளர்ந்த பிறகு முயன்று படித்து, அந்தப் பக்கத்துச் சாமானியர்கள் கணக்கெழுதப் பயன்படுத்திய கைத்தி எழுத்தில் எழுதத் தொடங்கினார்.

ஊரில் பிழைப்பு போதவில்லை. எல்லோரையும் போல அவரும் கிழக்கே போனார். கரக்பூரில் முடிதிருத்திக் காசு சேர்த்தார். பூரி ஜகந்நாதரைப் பார்த்தார், கல்கத்தாவைப் பார்த்தார். மேதினிப்பூரில் ராமலீலா பார்த்தபோது அவருக்குள் இருந்த கலைஞன் விழித்துக்கொண்டான். ஊருக்குத் திரும்பினார். 1917 வாக்கில், முப்பது வயதில், சொந்தமாக ஒரு நாடகக் குழு அமைத்தார். வீட்டில் எதிர்ப்பு இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் மதிக்காத கூத்தாடிப் பிழைப்பு அது. அவர் விடவில்லை. 1971 ஜூலை 10இல் மறையும் வரை அதுவே வாழ்க்கையாயிற்று.

எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், ஆடியவர், குழுவை நடத்தியவர் எல்லாம் அவரே. ஆர்மோனியம், டோலக், சாரங்கி, தாளம் இவைதான் வாத்தியம். பெண் வேடத்தை ஆண்களே கட்டுவார்கள். வயலில், கல்யாணப் பந்தலில், தொழிலாளர் குடியிருப்பில், எங்கே கூட்டம் சேருமோ அங்கே மேடை. இந்தக் கலைக்கு 'நாச்' என்று பெயர். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலைப் பக்கத்து வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இரவெல்லாம் நடக்கும் தெருக்கூத்தும் ஸ்திரீ பார்ட் கட்டும் கலைஞர்களும் அவர்களுக்குப் புதிதா என்ன?

அவர் பிறந்த சாதியையும் கவனிக்க வேண்டும். வட இந்தியக் கிராமங்களில் கல்யாணச் சேதியை வீடு வீடாக, ஊர் ஊராகக் கொண்டுபோகும் பொறுப்பு நாவிதருடையது. எல்லா வீட்டு வாசலுக்கும் அவர் போவார், எல்லா வீட்டுத் துக்கமும் அவர் காதில் விழும். நம் ஊர்களிலும் முடிதிருத்தும் சமூகத்தார் வைத்தியம் பார்த்தார்கள், மங்கல வாத்தியம் வாசித்தார்கள். ஊரின் உடம்பையும் மனதையும் தெரிந்து வைத்திருந்தவர்கள் ஊரின் ஓரத்தில் நிறுத்தப்பட்டார்கள். அந்த ஓரத்திலிருந்துதான் பிக்காரி தாக்கூர் பேசினார்.

பிதேசியா: போனவன் கதை, காத்திருந்தவள் கதை

போஜ்புரி நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஆட்களை வெளியே அனுப்பிய நிலம். 1834 முதல் மொரிஷியஸுக்கு, 1845 முதல் டிரினிடாடுக்கு, 1873 முதல் சூரினாமுக்கு, 1879 முதல் ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். கூடவே கல்கத்தாவின் சணல் ஆலைக்கும் அசாமின் தேயிலைத் தோட்டத்துக்கும் ஜரியாவின் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ரயிலேறினார்கள். கடல் கடந்த ஒப்பந்தக் கூலிக்கு ஆள் பிடிப்பது 1917இல் நிறுத்தப்பட்டது. பிக்காரி தாக்கூர் குழு கட்டியதும் ஏறத்தாழ அதே காலம். கப்பல் நின்றாலும் ரயில் நிற்கவில்லை.

அந்த வாழ்க்கையைத்தான் அவருடைய புகழ்பெற்ற 'பிதேசியா' நாடகம் மேடையேற்றியது. புதிதாகக் கல்யாணமான ஒருவன், மனைவி பியாரி சுந்தரியின் சொல்லைக் கேட்காமல் கல்கத்தாவுக்குப் போகிறான். அங்கே இன்னொரு பெண்ணோடு வாழ்கிறான், பிள்ளைகளும் பிறக்கின்றன. ஊரில் மனைவி தனியாக நாட்களைத் தள்ளுகிறாள். ஆண் துணையில்லாத வீடு என்று வாலாட்ட வருகிறவனை விரட்டுகிறாள். கிழக்கே போகும் வழிப்போக்கன் ஒருவனிடம் தன் நிலையைச் சொல்லி அனுப்புகிறாள். அவன் கல்கத்தாவில் கணவனைத் தேடிப் பிடித்து, இடித்துரைத்து ஊருக்கு அனுப்புகிறான். கதை அதோடு முடிவதில்லை. நகரத்துப் பெண்ணும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள். இரண்டு பெண்களும் ஒருவர் துயரத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஒரே கூரைக்குள் அந்தக் குடும்பம் சேர்கிறது.

இந்த முடிவை இன்றைய பெண் ஏற்க வேண்டும் என்பதில்லை. நான் கவனிப்பது வேறு. வீட்டைப் பிரிந்த ஆணைப் பற்றிப் பாட ஆயிரம் பேர் உண்டு. அவன் இல்லாத வீட்டில் இருப்பவளைப் பற்றியும், அவன் போன ஊரில் அவனோடு வாழ்ந்தவளைப் பற்றியும் ஒரே மேடையில் பேசினார் பிக்காரி தாக்கூர். யாரையும் அரக்கனாகக் காட்டவில்லை. போனவனைக் கூட்டத்துக்கு நடுவே வெட்கப்பட வைத்தார், காத்திருந்தவள் சொல்ல முடியாமல் வைத்திருந்ததைச் சொல்ல வைத்தார். கல்கத்தாவில் பார்த்த ஆலைத் தொழிலாளியும் கிராமத்தில் பார்த்த அவன் தாயும் ஒரே நாடகத்துக்கு அழுதார்கள்.

'கபர்கிச்சோர்' இன்னும் ஒரு படி மேலே போனது. கணவன் பிழைக்கப் போய்ப் பல வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. மனைவிக்கு ஊரிலேயே இன்னொருவரால் ஒரு பையன் பிறக்கிறான். பையன் வளர்ந்த பிறகு கணவன் வந்து, பிள்ளை எனக்கு என்கிறான். பெற்றவனும் எனக்கு என்கிறான். தாயும் கேட்கிறாள். பஞ்சாயத்து, பையனை மூன்றாக வெட்டிப் பங்கு போடச் சொல்கிறது. உயிரோடு இருந்தால் போதும், அவர்களில் ஒருவரிடமே முழுசாகக் கொடுத்துவிடுங்கள் என்று தாய் விலகுகிறாள். பிள்ளை அவளுக்கே என்று தீர்ப்பாகிறது. ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட்டின் காகேசியச் சுண்ணாம்பு வட்ட நாடகத்தோடு இதை ஒப்பிடாத ஆய்வாளர் குறைவு. நம் புரிசைக் கூத்துக் கலைஞர்கள் அந்தப் பிரெக்ட் நாடகத்தைத் தெருக்கூத்தாக ஆடியிருக்கிறார்கள். பீகார் கிராமத்துப் பஞ்சாயத்தின் கதையும் புரிசையின் களரியும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பணத்துக்காகச் சிறு பெண்களைக் கிழவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வழக்கத்தை எதிர்த்து 'பேட்டி பேச்வா' எழுதினார். அந்த நாடகத்தைப் பார்த்த ஊர்களில் அப்படிப்பட்ட கல்யாணங்கள் நின்றன என்று இன்றும் அங்கே சொல்வார்கள். விதவையின் துயரம், அண்ணன் தம்பி பகை, குடிப்பழக்கம் என்று பிரிவால் உடைந்த குடும்பங்களின் ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு நாடகம் வைத்திருந்தார். அறிஞர் ராகுல் சாங்கிருத்யாயன் அவரை போஜ்புரியின் ஷேக்ஸ்பியர் என்று அழைத்தார். 1963இல் 'பிதேசியா' என்ற பெயரில் திரைப்படமும் வந்தது. எழுத்தாளர் சஞ்சீவ் அவர் வாழ்க்கையை வைத்து 'சூத்ரதார்' என்ற இந்தி நாவலை எழுதினார். அவர் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து பெண் வேடம் கட்டிய ராம்சந்திர மாஞ்சிக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022இல் அவரும் மறைந்தார்.

அட்டனில் ஒரு மீனாட்சி அம்மாள்

இது யாருடைய கதையோ என்று தமிழர்கள் தள்ளிப்போக முடியாது. பிக்காரி தாக்கூர் பிறந்த அதே 1887இல் தஞ்சைப் பக்கத்தில் பிறந்தவர் கோ. நடேசய்யர். இலங்கை சென்று 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தினார், 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார், சட்டசபையில் அவர்களுக்காகப் பேசினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் இன்னொரு வழியில் தொழிலாளர்களிடம் போனார். மலைநாட்டு நகரமான அட்டனில் கூட்டம் தொடங்கும் முன் பாடுவார். பாரதியின் பாடல்களைப் பாடுவார், தானே எழுதியதையும் பாடுவார். துண்டறிக்கையைப் படிக்கத் தெரியாத பெண்கள் அவர் பாட்டைக் கேட்டு லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இலங்கை அரசு 1939இல் இந்திய வம்சாவளித் தினக்கூலிகளை அரசு வேலையிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டே, அங்குள்ள இந்தியரின் நிலையைப் பாடும் நூலை அவர் வெளியிட்டார். அவருக்குப் பின் சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுத் தொழிலாளர் வாயில் இருந்த நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட அந்த மக்களுக்கு, தாங்கள் யார் என்று சொல்ல எஞ்சியிருந்த பத்திரங்களில் அந்தப் பாடல்களும் உண்டு.

உலகில் எங்கே மக்கள் இடம்பெயர்ந்தாலும் இப்படி ஒருவர் முளைக்கிறார். 1975இல் சைகோன் வீழ்ந்தபோது வியட்நாமை விட்டு வந்த நாம் லோக், அமெரிக்க அகதி முகாமில் இருந்துகொண்டு தன் நகரத்துக்கு விடைசொல்லும் பாட்டை எழுதினார். அகதிகளான வியட்நாமியர் எல்லோருக்கும் அது சொந்தப் பாட்டானது. பாட்டோடு அவர் நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, தனக்குப் பின்னால் வந்த அகதிகளுக்கு வீடும் வேலையும் தேடித் தரும் பணியைப் பல ஆண்டுகள் செய்தார். ஈழப் போரால் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போன நம்மவர்கள், பாத்திரம் கழுவிய கையோடு சிற்றிதழ் நடத்தினார்கள். பாரிஸில் அகதியாக வாழ்ந்து எழுதிய ஷோபாசக்தி நடித்த 'தீபன்' திரைப்படம் 2015இல் கான் விழாவின் உயரிய விருதைப் பெற்றது. மொரிஷியஸில் போஜ்புரிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காத்த 'கீத் கவாய்' கல்யாணப் பாடல்களை 2016இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. பெட்டியில் கொண்டுபோன பொருள் எல்லாம் தேய்ந்து போனபின்பும் பாட்டு நின்றது.

பாட்டு செய்யும் வேலை

இத்தகைய கலைஞர் தன் மக்களுக்கு மூன்று காரியம் செய்கிறார். முதலாவது, ஊருக்கும் பிழைக்கும் இடத்துக்கும் நடுவே சேதி கொண்டுபோகிறார். பணம் போகிறது, போன் பேசுகிறோம், ஆனால் மனதில் உள்ளதை வீடியோ காலில் சொல்ல எத்தனை ஆண்களால் முடிகிறது? இரண்டாவது, தன் கூட்டத்துக்கு உள்ளேயே நடக்கும் தவறுகளைத் துணிந்து சொல்கிறார். வெளியாள் சொன்னால் அவமானம், தன் ஆள் பாடினால் சிந்தனை. மூன்றாவது, அந்தக் கூட்டத்துக்கு ஒரு முகம் தருகிறார். பக்கத்து ஊர்க்காரன் அந்த முகத்தைப் பார்க்கத் தொடங்கும்போது பயம் விலகுகிறது.

மூன்றாவதன் அவசியத்தை நாம் 2023 மார்ச்சில் கண்ணால் பார்த்தோம். தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். பீகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்தது. தமிழகக் காவல்துறை இந்தியிலும் விளக்கம் தந்தது, வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. எல்லாம் சரி. பக்கத்து அறைக்காரனோடு ஒரு நாளாவது உட்கார்ந்து ஒரே கூத்தைப் பார்த்திருந்தால், யாரோ அனுப்பிய வீடியோவை நம்புவதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியிருக்கும். 2020 ஊரடங்கில் ஊர் போக வழியின்றித் தவித்தவர்களைப் பார்த்து இந்த நாடே கலங்கியது. அவர்கள் யார், எந்த ஊர், என்ன பாடுவார்கள் என்று அப்போதும் நாம் கேட்கவில்லை.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இப்போது என்ன இருக்கிறது? செல்போனில் ஓடும் போஜ்புரிப் பாட்டு இருக்கிறது. அதில் பெரும்பகுதி இரட்டை அர்த்தக் குத்துப்பாட்டு என்று போஜ்புரிக்காரர்களே வருந்துகிறார்கள். தனியாக ஹெட்போனில் கேட்பதற்கும் கூட்டமாக உட்கார்ந்து அழுவதற்கும் சிரிப்பதற்கும் தூரம் அதிகம். இந்தத் தொழில் வட்டாரத்தின் கட்டடத் திட்டங்களில் கேன்டீன் உண்டு, கழிப்பறை உண்டு, வண்டி நிறுத்துமிடம் உண்டு. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளருக்காக 2024இல் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம். அத்தனை பேர் தங்குகிற இடம் ஒரு சிறு நகரம். நகரம் என்றால் அதற்குத் திருவிழா வேண்டும்.

செய்யக்கூடியது

சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் திருக்கச்சூர் இருக்கிறது. பசியோடு வந்து சோர்ந்து உட்கார்ந்த சுந்தரருக்காகச் சிவபெருமானே உச்சி வெயிலில் ஓடு ஏந்தி வீடு வீடாக இரந்து சோறு கொண்டுவந்து கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். சாப்பிட்ட சுந்தரர் பதிகம் பாடினார். வந்தவனுக்குச் சோறு போடுவதும் அவன் பாட்டுக்குக் காது கொடுப்பதும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதை இந்த வட்டாரம் எப்போதோ அறிந்திருக்கிறது. சோற்றோடு நாம் நிறுத்திக்கொண்டோம்.

இதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். நிறுவனங்கள் சட்டம் 2013இன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பாரம்பரியக் கலைகளை வளர்ப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒரகடம் கம்பெனிகள் சேர்ந்தால் ஒரு திறந்தவெளி அரங்கு எழும்ப எவ்வளவு காலம் ஆகும்? பொங்கலையொட்டி அரசு நடத்தும் 'சென்னை சங்கமம்' விழாவின் ஒரு மேடை இந்தத் தொழில் வட்டாரத்துக்கு வரட்டும். செப்டம்பர் 17 அன்று வட மாநிலத் தொழிலாளர்கள் விசுவகர்மா பூஜை கொண்டாடுகிறார்கள். அதற்குப் பின் நமக்கு ஆயுதபூஜை வருகிறது. இரண்டு நாளிலும் கும்பிடுவது கருவியைத்தான். இந்த இரண்டு நாளுக்கும் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, சாப்ராவிலிருந்து பிக்காரி தாக்கூரின் நாடகங்களை இன்னும் ஆடும் குழுவையும், காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்துக் கலைஞர்களையும் ஒரே களரியில் ஏற்றலாம். கூட்டத்துக்குக் கதை புரிய இரண்டு மொழியிலும் ஒரு கட்டியங்காரன் போதும்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த அறைகளில் யாரோ ஒருவர் ஷிஃப்ட் முடிந்த பின் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம். ஆர்மோனியத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர் இருக்கலாம். அவருக்குத் தேவை ஓர் அறை, ஒரு டோலக், வாரத்தில் ஒரு மாலை, கேட்பதற்குக் கொஞ்சம் பேர். ஊராட்சி மன்றத்தின் சமுதாயக் கூடம், கிளை நூலகம், அரசுப் பள்ளியின் மைதானம் எதுவானாலும் சரி. ஒடியா, போஜ்புரி, வங்காளம், சந்தாலி என எந்த மொழியில் பாடினாலும் அந்தக் கூடம் திறக்கட்டும். நூலகத்தில் அந்த மொழிப் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி வைக்கட்டும். தொழிற்சங்கங்கள் தங்கள் மேடையில் முதல் பாட்டை அவர்களுக்குத் தரட்டும். மீனாட்சி அம்மாள் அட்டனில் பாடியதும் சங்க மேடையில்தான்.

பிக்காரி தாக்கூரை யாரும் உருவாக்கவில்லை, அவரே எழுந்து வந்தார் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் அவர் எழுந்தபோது உட்கார ஒரு கூட்டம் இருந்தது, ஆட ஓர் இடம் இருந்தது. இங்கே கூட்டம் இருக்கிறது. இடத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். மலைநாட்டில் நம் மக்கள் பாடியதை யாரோ கேட்டு எழுதி வைத்ததால்தான் இருநூறு வருஷத்து வாழ்க்கை நமக்குக் கிடைத்தது. ஒரகடத்தில் கார் செய்தவர்களின் வாழ்க்கையும் எழுதப்பட வேண்டும், பாடப்பட வேண்டும். அது அவர்கள் மொழியில் தொடங்கட்டும். அவர்கள் பிள்ளைகள் நம் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். அடுத்த பாட்டை அவர்கள் தமிழிலும் எழுதக்கூடும்.